மூன்றாவது பொட்டலம்

இரண்டு சாமிகளிடம் போய்க் கேட்டோம். ஒரு சாமி ஒன்று சொன்னது, இன்னொரு சாமி வேறொன்று சொன்னது. கேட்ட கேள்வி கல்யாணமா, காதுகுத்தா என்பதல்ல. என் ஆட்டுத் தீவனத் தொழிலை யார் பெயரில் பதிவு செய்வது என்பதுதான் கேள்வி. சாமிகளுக்கே இது புதுசாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில். பார்க்கிற பக்கமெல்லாம் சீமைக்கருவேலம். நிலத்தைக் கெடுத்துவிட்டது என்று எல்லாரும் அதைத் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே அதை வெட்டி அடுப்பெரிப்பார்கள். சித்திரை பிறந்தால் அதன் காய் பழுத்து மஞ்சளாக உதிரும். நெத்து என்போம். தித்திப்பு என்பதால் ஆடு அதை விரட்டி விரட்டித் தின்னும், ஆனால் உள்ளே இருக்கிற விதை செரிக்காது. ஆடு எங்கே புழுக்கை போட்டதோ அங்கே அடுத்த மழைக்கு ஒரு கருவேலங்கன்று நிற்கும். அதனாலேயே பாதிப் பேர் ஆட்டை நெத்துப் பக்கம் விட மாட்டார்கள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் எட்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். முட்டி போனதும் வேலையை விட்டுவிட்டு நாலு ஆடு வாங்கினேன். நெத்தை விதையோடு அரைத்துவிட்டால் முளைக்க விதை ஏது என்று ஒருநாள் தோன்றியது. ஒரு சாக்கு நெத்தைக் காயவைத்து மாவு மில்லுக்குக் கொண்டு போனேன். அந்த நெத்தில் இருக்கிற பாகு மிஷினில் ஒட்டி, அன்றைக்கு அரைக்க வந்த மிளகாய், மல்லி எல்லாம் நின்றுபோய், மில்காரர் என்னை விரட்டாத குறைதான். அப்புறம் பல நாள் சோதித்துப் பார்த்தேன். நெத்தைத் தார்ப்பாயில் போட்டு மூன்று வெயில் காயவிட வேண்டும். ஒடித்தால் சடக்கென்று சத்தம் வர வேண்டும். குதிரைவாலித் தவிட்டைக் கலந்து அரைத்தால் மிஷினில் ஒட்டாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் கண்டுபிடித்தது. கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பழைய அரவை மிஷின் ஒன்று வாங்கினேன். அதை வைக்க இடம் வேண்டும். என் அண்ணன் பக்கத்திலேயே புஞ்சை வைத்திருந்தார். "கெணத்து மேட்டுல எடம் சும்மாதான தாயி கெடக்கு, செட்டு போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டேன். அரைத்த தீவனத்தைக் கொண்டுபோக வண்டி வேண்டும். என் வீட்டுக்காரர் பந்தல்குடியில் லாரி ஓட்டுகிறவர், சொந்த லாரி. தூத்துக்குடி ரோட்டில் லோடு இல்லாத நாட்களில் தீவன மூட்டையை ஏற்றிக்கொண்டு மல்லாங்கிணறு, காரியாபட்டி என்று போவார். இப்படி அண்ணன் இடத்தில், வீட்டுக்காரர் வண்டியில், என் கையில் தொழில் நாலு வருஷம் ஓடியது. சீசனில் இருபது பெண்கள் நெத்துப் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். யாருடைய தொழில் இது என்று அந்த நாலு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நன்றாகத்தான் இருந்தது.

கேட்டது வெளியூர்க்காரர் ஒருவர். நாமக்கல் பக்கம் பெரிய ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறவர்கள் அனுப்பிய ஆள். மாசி மாதம் காரில் வந்து இறங்கினார். தீவனத்தைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுப் பார்த்தார். மாதம் இத்தனை லோடு என்று வருஷம் முழுவதும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அப்புறம் அவர் பையில் இருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "பில் யார் பேர்ல போடுவீங்க?" என்று கேட்டார்.

"எங்க பேர்ல" என்றார் அண்ணன்.

"என் பேர்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் வந்தவருக்குக் கொடுக்க டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "கம்பெனியாப் பதிஞ்சுட்டு வாங்க. அது இல்லாம எங்க மொதலாளி எடுக்க மாட்டாரு. ஆடி வரைக்கும் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டீயைக் குடிக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் ஆடிட்டரம்மா இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். மூன்று பேரும் போய் வரிசையாக உட்கார்ந்தோம், நான் நடுவில். அவர் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி விளக்கினார். ஒரே ஆள் பெயரில் நடத்தலாம். இரண்டு பேர் சேர்ந்து கூட்டாகப் பத்திரம் எழுதலாம். கம்பெனியாகப் பதியலாம். எல்லாவற்றிலும் ஒவ்வொரு நல்லது, ஒவ்வொரு தொல்லை.

அண்ணனுக்குக் கூட்டுதான் பிடித்தது. "நானும் தங்கச்சியும். செட்டு நம்ம எடத்துல இருக்கு. நான் முன்னாடி நின்னு பாத்துக்குறேன். எல்லாம் ஒனக்காகத்தான தாயி."

என் வீட்டுக்காரருக்கு அந்த முதல் வகை பிடித்தது, அவர் பெயரில். "பொண்டாட்டி தொழிலு வேற, புருசன் தொழிலு வேறயா? ஊருல சிரிப்பாக மச்சான். லோனு கீனு கேட்டாலும் லாரிக்காரன் பேருன்னா மதிப்பாக."

"மாப்ள, எடம் யாரோடது?"

"வண்டி யாரோடது மச்சான்?"

ஆடிட்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தது மாதிரி. நாலு வருஷம் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று காது மந்தமானவள் நான், தலையைக் குனிந்துகொண்டு இப்படிச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் கலந்தோம். கலந்தது என்றால், இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் வந்தால் இன்னொருவர் எழுந்து போனார். நெத்துக் காலம் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அண்ணன்தான், "சாமிகிட்ட பூக் கேட்டுருவோம்" என்றார். எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். பேசி முடியாத காரியம் என்றால் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் வெள்ளை நந்தியாவட்டையை ஒரு பொட்டலமாகவும் கட்டி, ஒன்று இந்தப் பக்கத்துக்கு, ஒன்று அந்தப் பக்கத்துக்கு என்று சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை திருச்சுழி பஸ்ஸில் போய், கண்மாய்க் கரை ஓரம் இருக்கிற எங்கள் பிறந்த வீட்டுக் குலசாமியிடம் நின்றோம். அண்ணனுக்குச் சிவப்பு, என் வீட்டுக்காரருக்கு வெள்ளை. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் பீடத்தில் போட்டுவிட்டு, "தொழிலு இவுக பாக்குற தொழிலு. இவுகளே எடுக்கட்டும்" என்று என்னைக் கைகாட்டினார். கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு. அண்ணன் முகம் மலர்ந்துபோய் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "அது அவுக சாமி. அவுக பக்கந்தான் பேசும். ஒனக்குச் சாமி என் சாமிதான?"

அதிலும் நியாயம் இருக்கிறது. எங்களில் தாலி ஏறியதும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமி இல்லாமல் போய்விடும். கோயில் வரி வாங்குகிறபோது குடும்பத்துக்கு ஒரு ஆம்பளை என்று தலைக்கட்டு எண்ணுவார்கள். அண்ணன் கோயிலில் நான் எந்தத் தலைக்கட்டிலும் இல்லை. வீட்டுக்காரர் கோயிலில் தலைக்கட்டு அவர், நான் அதற்குள் அடக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை பந்தல்குடியைத் தாண்டி அவருடைய குலசாமியிடம் போனோம். அண்ணனும் விடாமல் வந்தார். அதே பூ, அதே கணக்கு, அதே மாதிரி என்னையே எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் வெள்ளை.

மூன்றாவதாக ஒரு சாமியைத் தேடலாமா என்று அண்ணன் யோசித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே கருவேலம் முழுக்கக் காய் பிடித்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு கோயிலிலும் இரண்டிரண்டு பொட்டலம்தான் போட்டார்கள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று புருஷனுக்கு. எடுத்த கை என் கை. எனக்கென்று ஒரு பொட்டலம் அங்கே இல்லவே இல்லை. கையை விட்டு எவ்வளவு நேரம் துழாவினாலும் எனக்கு நான் வந்திருக்க மாட்டேன். சரி, அவர்கள்தான் போடவில்லை. நான் ஏன் கேட்கவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா? அரளி, நந்தியாவட்டை தவிர மஞ்சளில் ஒரு செவ்வந்தி கூடவா கிடைக்காது? என் நினைப்பிலேயே அது வரவில்லை, அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அருப்புக்கோட்டைக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது முட்டி வலித்தது. "நான் மட்டும்னா எப்படிம்மா பதியிறது?" என்று ஆடிட்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"ஒங்க பேர்ல சும்மாவே நடத்தலாம்மா. ஆனா அப்ப தொழிலும் நீங்களும் ஒண்ணு. ஒரு லோடு கெட்டுப்போச்சுன்னு பண்ணைக்காரங்க கேஸு போட்டா ஒங்க வீடு, நகை, ஆடு எல்லாத்தையும் கேப்பாங்க. கம்பெனின்னா அப்படி இல்ல. ஒரே ஆளு வச்சு நடத்துற கம்பெனி இருக்கு. மொதலாளியும் நீங்கதான், டைரக்டரும் நீங்கதான்."

"அப்ப கம்பெனிங்கிறது நானில்லையா?"

"இல்லம்மா. அது சட்டப்படி தனி ஆளு. அது பேர்ல நெலம் வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம். அதுக்குன்னு தனிப் பேரு, தனி முகவரி."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று சொல்ல முடியாது. தனி ஆள். அதற்குப் பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. எந்தத் தலைக்கட்டிலும் அடங்காது. எந்தச் சாமியிடமும் அதற்காகப் பூக் கேட்க வேண்டாம். காகிதத்தில் இருக்கிற ஒரு ஆளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பட்டேன்.

அப்புறம்தான் ஆடிட்டரம்மா அடுத்ததைச் சொன்னார். "ரெண்டு விஷயம் வேணும். முகவரிக்கு ஒரு எடம், அந்த எடத்துக்காரங்க சம்மதக் கையெழுத்து. அப்புறம் ஒரு நாமினி."

"அது எதுக்கு?"

"ஒரே ஆளுதான இருக்கீங்க. நீங்க இல்லாமப் போயிட்டா கம்பெனி யாருக்கு? அந்தப் பேரை இப்பவே எழுதணும். அவங்களும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். பதினெட்டு வயசு ஆகியிருக்கணும்."

அவ்வளவுதான். ஏறிய படியெல்லாம் இறங்கினது போல ஆயிற்று. என் ஒருத்திக்கான கம்பெனிக்கும் இன்னொருத்தர் பெயர் வேண்டும். முகவரிக்குச் செட்டைச் சொன்னால் அண்ணன் கையெழுத்து. வீட்டைச் சொன்னால் கரண்ட் பில் என் வீட்டுக்காரர் பெயரில், அவர் கையெழுத்து. நாமினியாக ஒருவரை எழுதினால் மற்றவர் என் வாசல் மிதிக்க மாட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டு பொட்டலம்தான்.

எனக்கு ஒரே மகள். விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. ஆனி மாதம் பதினெட்டு முடியும். பண்ணைக்காரர் கொடுத்த கெடு ஆடி. விரல் விட்டு எண்ணிப் பார்த்து, இதுதான் வழி என்று முடிவு செய்தேன். மகள் பெயர் என்றால் அண்ணனும் பேச முடியாது, தாய்மாமன் ஆயிற்றே. அப்பனும் பேச முடியாது. நான் எவ்வளவு சாமர்த்தியசாலி என்று எனக்கே தோன்றியது. ஆனி வரை இரண்டு பேரிடமும், "சாமியே ரெண்டு விதமாச் சொல்லியிருக்கு. அவசரப்பட வேணாம், நெத்துக் காலம் முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினேன். சாமிகள் சண்டை போட்டது எனக்கு ஒருவகையில் வசதியாகிவிட்டது.

ஆனால் அந்த மூன்று மாதம் நான் பட்ட பாடு. சித்திரையில் ஒரு காலை செட்டுக்குப் போனால் வாசலுக்கு மேல் புதுத் தகரப் போர்டு தொங்குகிறது. நீல எழுத்தில் அண்ணன் பெயர், கொட்டையாக. அதற்குக் கீழே சின்னதாக "மற்றும் சகோதரி". என் பெயர்கூட இல்லை. அண்ணன் தள்ளி நின்று, "எப்படி இருக்கு தாயி?" என்று கேட்டார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். பெயிண்ட் அவர் விரலிலும் இருந்தது. பாதி எழுத்து அவரே எழுதியிருக்கிறார்.

இதுதான் கஷ்டம். என் அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அம்மா செத்த பிறகு என் ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் முன்னால் வந்து நின்றவர். ஒரு கெட்டவனை எதிர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். "எல்லாம் ஒனக்காகத்தான" என்கிறவரிடம் இருந்து எங்கே போவது? "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனேன். போர்டு தாழ்வாகத் தொங்கியது. குனிந்துதான் போக வேண்டும்.

போர்டைக் கேள்விப்பட்டு வீட்டுக்காரர் லாரியின் முன் கண்ணாடியில் "ஆட்டுத் தீவனம்" என்று எழுதி, கீழே தன் செல் நம்பரை ஒட்டிக்கொண்டார். நெத்துப் பொறுக்க வந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "ஏக்கா, கொட்டுற நெத்தை எந்தப் பக்கம் கொட்ட? போர்டு பக்கமா, லாரி பக்கமா?" நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஆனி பிறந்ததும் முகவரிக் காரியத்தைத் தொட்டேன். செட்டு முடியாது என்று தெரியும், வீட்டைத்தான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி என் பெயரில் என்றும், மகள் நாமினி என்றும், அவர் கையெழுத்து ஒன்றே ஒன்று வேண்டும் என்றும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்ப இதுல நான் யாரு?" என்றார்.

"நீங்க லாரிங்க. கம்பெனி ஒங்க வண்டிக்கு ஒப்பந்தம் போடும். மாசா மாசம் லோடு ஒங்களுக்குத்தான்."

"லாரியா நானு?"

நான் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் வாய் வந்தது. நாலு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "மச்சான் பேர்ல போறதுக்கு ஒம் பேர்ல போறது மேலு" என்றார். எனக்காகப் போடவில்லை, அண்ணனுக்கு எதிராகப் போட்டார். பரவாயில்லை, கையெழுத்து கையெழுத்துதான்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவினதும் ஆடிட்டரம்மா கொடுத்த நாமினித் தாளை எடுத்து நீட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளிகூட வைத்திருந்தேன்.

"என்னம்மா இது?"

"சும்மா ஒரு கையெழுத்து. இந்தா பேனா."

அவள் வாங்கிப் படித்தாள். நான் அந்தத் தாளை அதுவரை முழுதாகப் படித்ததில்லை. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டு, "நீ செத்துப்போனா இது எனக்கு வந்துருமா?" என்றாள்.

"ஆமா. ஒனக்குத்தான், வேற யாருக்கு?"

"நான் நர்சு வேலைக்குப் போகப்போறேன்மா. வெளியூரு போவேன், வெளிநாடு கூடப் போவேன். நீ போனப்பறம் நான் திரும்பி வந்து நெத்துக்குள்ள ஒக்காரணுமா?"

"ஒக்காந்தா என்னடி? ராத்திரி பகலா ஒடம்பக் கெடுத்துக்கிட்டு யாருக்காக இதெல்லாம் செஞ்சேன்? எல்லாம் ஒனக்காகத்தான!"

சொன்ன வாய் சொன்னபடியே நின்றது. அது அண்ணனின் வார்த்தை. குரல்கூட அவர் குரல். "தாயி" ஒன்றுதான் குறை.

கோயிலில் பூக் கேட்ட கதை மகளுக்குத் தெரியும். போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தேன், எனக்கு ஒரு பொட்டலம் போடவில்லை என்று புலம்பியும் இருந்தேன். அவள் சத்தம் போடவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு, "எனக்கு எத்தனை பொட்டலம்மா போட்ட?" என்று கேட்டாள்.

அவர்களாவது இரண்டு போட்டார்கள். நான் ஒன்றே ஒன்று போட்டு, அதையும் நானே பிரித்து, புள்ளி வைத்து அவள் கையில் திணித்தேன். எழுந்து செட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓடவில்லை. நெத்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவள் சொன்னதற்காக இல்லை. நான் அப்படி ஆகிவிட்டேனே என்று அழுதேன்.

மறுநாள் மகள் விருதுநகர் பஸ் ஏறிவிட்டாள், தாளைத் தொடாமலே. நான் ஆடிட்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒரு தடவ கையெழுத்துப் போட்டா அவ்வளவுதானாம்மா? அவ மாட்டிக்கிட்டவதானா?"

"யாரு சொன்னது? நாமினி எப்ப வேணும்னாலும் எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வெலகிக்கலாம். நீங்க வேற பேரைப் போடணும், அவ்வளவுதான். என்கிட்டச் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

நான் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். என் வாழ்நாளில் எனக்கு வந்த எந்தக் காகிதத்திலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் இல்லை. மில்லில் கைநாட்டு மாதிரிப் போடச் சொன்ன தாள்களில் இல்லை. வேண்டாம் என்றால் போகலாம் என்று எழுதி ஒருவர் கையில் கொடுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அன்றைக்கே ஆடிட்டரம்மாவிடம் போய் அந்த விலகல் கடிதத்தையும் எழுதி வாங்கினேன். தேதி போடாமல், மகள் கையெழுத்துக்கு இடம் விட்டு. விருதுநகர் ஹாஸ்டலுக்குப் போய் வாசலில் அவளைக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் கொடுத்தேன். இந்தத் தடவை எதிலும் பென்சில் புள்ளி இல்லை.

"இது உள்ள வாரதுக்கு. இது வெளிய போறதுக்கு. ரெண்டும் வேணாம்னாலும் சரி, நான் வேற யாரையாச்சும் பாத்துக்குறேன். ஒன்னையக் கேக்கத்தான் வந்தேன். நெசமாத்தான் கேக்குறேன்."

அவள் இரண்டையும் படித்தாள். வாட்ச்மேன் மேஜை மேல் வைத்து முதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது தாளை மடித்து, "இது என்கிட்ட இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தாள்.

ஆடி முடிவதற்குள் கம்பெனி பதிவாகிவிட்டது. பண்ணைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். சான்றிதழில் என் பெயரைப் பார்த்த அண்ணன், "நல்லாருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுவதில்லை. வேண்டியதை மகளுக்குப் போன் செய்து சொல்லச் சொல்கிறார். ஆனால் செட்டைக் காலி செய் என்றும் சொல்லவில்லை. போர்டும் அப்படியே தொங்குகிறது. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடம் அவர் இடம், நாளைக்கு மகள் கல்யாணத்தில் மாமன் முறை செய்ய நிற்கப்போகிறவரும் அவர்தான். காகிதத்தில் இருக்கிற அந்தத் தனி ஆளுக்கு அண்ணன் இல்லை, புருஷன் இல்லை. எனக்கு இரண்டு பேரும் இருக்கிறார்கள். தினமும் காலையில் "மற்றும் சகோதரி"க்குக் கீழே குனிந்துதான் என் கம்பெனிக்குள் போகிறேன்.

தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். பலகாரத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த ரெண்டாவது தாளு பத்திரமா இருக்கா?"

"பெட்டியிலதாம்மா இருக்கு. வர்ற போதெல்லாம் இதையே கேக்குற. என்ன, குடுத்துட்டுப் போயிருவேன்னு பயமா?"

"அதுக்கில்லடி" என்றேன். "தொலச்சுருவியோன்னுதான்."